குரலைக் காணோம்: ஹெட்போன் கோளாறு பார்ப்பதும், ஆகாவிட்டால் அடுத்ததை வாங்குவதும்

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதில் 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் ஏறி சாயங்காலம் இறங்குகிற பிழைப்பு எனக்கு; மேலே ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். பாதி மலையில் போனுக்கு சிக்னல் நிற்காது. அதனால் பாட்டுக்கென்றே ஒரு சின்ன எம்பி3 பிளேயர் வைத்திருக்கிறேன். பட்டன் வைத்தது, மெமரி கார்டு போடுவது, சட்டைப் பையில் கிடப்பதே தெரியாது. அதைப் பார்த்துவிட்டு கண்டக்டர் முதல் எஸ்டேட் வாட்ச்மேன் வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நல்ல ஹெட்போன் எதுங்க?"

"இப்ப வச்சிருக்கிறதுக்கு என்னங்க ஆச்சு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்கு வரும் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு பக்கம் கேட்கவில்லை என்பார் ஒருவர், பேஸே (தாழ்ந்த ஒலி) இல்லை என்பார் இன்னொருவர். காரணம் தெரியாமல் புதிதாக வாங்கினால் மூன்றாம் மாதம் அதே குறையோடு வந்து நிற்பார்கள். நானும் அப்படி இரண்டு முறை காசை விட்டவன்தான். அதனால் இங்கே பிராண்டு பட்டியல் கிடையாது. உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

எதையும் பிரிப்பதற்கு முன்னால்

ஹெட்போனை வேறொரு போனிலோ பிளேயரிலோ செருகிப் பாருங்கள். குறை கூடவே வந்தால் ஹெட்போனில் கோளாறு, வராவிட்டால் பிளேயரில். அடுத்து, வேறு இடத்திலிருந்து வாங்கிய வேறொரு பாட்டைப் போடுங்கள். ஃபைலே மோசமாக இருந்தால் எந்த ஹெட்போனும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதாக, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிப் பாருங்கள்.

மூன்றாவதை யாரும் செய்வதில்லை. என் சின்ன மாமா வலது பக்கம் கேட்கவில்லை என்று அடுத்தடுத்து இரண்டு இயர்போன் மாற்றினார். மூன்றாவதை என்னிடம் நீட்டியபோது மாற்றி மாட்டச் சொன்னேன். "இப்பவும் வலது பக்கந்தான்டா கேக்கல" என்றார். இயர்போனுக்கு ஒன்றுமில்லை. காது டாக்டர் குறும்பியை எடுத்துவிட்டதும் பழைய இயர்போன் இரண்டும் பிழைத்துக்கொண்டன.

இன்னொன்று: பிளேயரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு எப்போதும் இருக்கட்டும். அந்தக் காலப் பாட்டெல்லாம் மோனோ, அதாவது இரண்டு பக்கமும் அச்சாக ஒரே ஒலி. சரியான ஹெட்போனில் பாடுபவர் குரல் நெற்றிக்கு நடுவில் நிற்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மற்றப் பக்கம் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பரிசோதனைக்கு ஐந்து பைசா செலவில்லை.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை

அதிகம் வருவது இதுதான். முதல் சந்தேகம் வயர் நுனியில் இருக்கும் 'பின்' என்ற உலோக முனை மேல், அதைவிடவும் அந்தப் பின் போய் உட்காரும் ஓட்டை மேல். சட்டைப் பையிலேயே கிடக்கும் பிளேயரின் ஓட்டைக்குள் பஞ்சும் நூலும் சேரும். ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் அது அடிப்பக்கம் போய் இறுகிவிடும். பின் முழுதாக உள்ளே போன மாதிரிதான் தெரியும், ஆனால் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். பிளேயரை அணைத்துவிட்டு, மூங்கில் பல்குச்சியால் ஓரத்தோடு மெதுவாகச் சுழற்றி எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு வளைந்துவிட்டால் அப்புறம் பிளேயரே சர்வீஸ் கடைக்குப் போக வேண்டியதுதான். என் பிளேயரிலிருந்து ஒருமுறை வந்தது ஒரு துளி நீலப் பஞ்சு, கூடவே காபிப் பழத் தோலின் துணுக்கு ஒன்று. இரண்டையும் எடுத்ததும் பின் 'டக்' என்று உட்கார்ந்தது.

அப்படியும் வரவில்லையா? பாட்டை ஓடவிட்டு வயரை அங்குலம் அங்குலமாக விரலால் வளைத்துக்கொண்டே போங்கள். பின்னுக்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் வயர் அங்கேதான் அறுகிறது. வளைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால் லூஸ் காண்டாக்ட். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணன் என் கண் முன்னால் இதைச் சரிசெய்தார். பின்னுக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு வயரை வெட்டினார். உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகள்: சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு நிறம் பொது. பார்க்க வெறும் கம்பிதான், ஆனால் ஒவ்வொன்றின் மேலும் நிறப்பூச்சு இருக்கிறது. அது போகாமல் ஈயம் ஒட்டாது. சால்டரிங் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கம்பி நுனியை அதற்குள் பிடித்தார். புகை வந்தது, பூச்சு கருகி நுனி வெள்ளி மாதிரி பளபளத்தது. புதுப் பின் வைத்து முடிக்க பத்து நிமிடம். வீட்டில் செய்து தோற்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பூச்சை எரிக்காமல் முறுக்கிக் கட்டியவர்கள்தான்.

வயர் சரி, ஒரு பக்கம் செத்துப் போகவில்லை, ஆனால் மங்கலாகக் கேட்கிறது என்றால் காதுக்குள் போகும் முனையின் வலையைப் பாருங்கள். குறும்பி அப்பியிருக்கும். ரப்பரைக் கழற்றுங்கள், வலை கீழே பார்க்கும்படி பிடியுங்கள், காய்ந்த மென்மையான பல் பிரஷ்ஷால் தேயுங்கள். கீழே பார்க்கப் பிடிப்பதுதான் முக்கியம். மேலே பார்க்கப் பிடித்தால் அழுக்கு உள்ளேயே விழும்.

அடிக்கடி வயர் அறுகிறவர்கள் அடுத்த முறை வாங்கும்போது வயர் தனியாகக் கழன்று வரும் இயர்போனாகப் பாருங்கள். இரண்டு முள் வைத்ததும் இருக்கிறது, வட்டமாகச் சுழலும் இணைப்பு வைத்ததும் இருக்கிறது. வயர் போனால் வயரை மட்டும் மாற்றலாம். பிளேயரைப் பையில் போட்டுக்கொள்பவர்களுக்கு எல் எழுத்து மாதிரி மடங்கிய பின் ஆயுள் கூடியது.

பாட்டு கேட்கிறது, பாடுபவர் குரலைக் காணோம்

பேய் பிடித்த மாதிரி இருக்கும். வயலின், தபேலா எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும், குரல் மட்டும் இருக்காது. எனக்கு இது நடந்தபோது பஸ் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவில் இன்றைக்கு மிச்சம் அந்த வாசல் வளைவுதான். சரி, இடத்துக்குப் பொருத்தமாகப் பழைய பாட்டு ஒன்றைப் போடலாம் என்று போட்டேன். சுத்தமாக ஒன்றுமே கேட்கவில்லை. பிளேயரில் நேரம் ஓடுகிறது, காதில் அமைதி. அடுத்ததாகப் புதுப் பாட்டு ஒன்றைப் போட்டால் இசை இருக்கிறது, குரல் இல்லை.

அந்த இரண்டும் சேர்ந்துதான் விடையைச் சொன்னது. ஹெட்போனுக்கு வலது ஒன்று, இடது ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என்று மூன்று இணைப்பு. பொது இணைப்பு விட்டுப்போனால் இரண்டு பக்கத்து ஒலிக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடுபவர் குரலை நடுவில், இரண்டு பக்கமும் சமமாகப் பதிவார்கள். சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் மிச்சமென்ன? குரல் போய்விடும். பேஸும் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும், அதுவும் போய்விடும். மோனோ பாட்டில் எல்லாமே சமம், அதனால் பாட்டே காணாமல் போய்விடும்.

இனி எங்கே விட்டுப்போனது என்று பாருங்கள். மைக் பட்டன் வைத்த இயர்போனாக இருந்தால் அந்தப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும் வரை குரல் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் எதுவும் அறவில்லை. மைக் வைத்த பின்னில் மூன்று கறுப்பு வளையம், நான்கு தொடுமுனை இருக்கும். அதில் பொதுவையும் மைக்கையும் எந்த வரிசையில் வைப்பது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. இப்போது வருவதெல்லாம் ஒரு வழக்கம், பழைய போன்கள் சிலவற்றில் வேறு வழக்கம். இரண்டும் கலந்தால் இப்படித்தான் ஆகும். வரிசையை மாற்றித் தரும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது, அது போதும்.

பட்டனுக்கு மசியவில்லை, ஆனால் பின்னை ஒரு முடியளவு வெளியே இழுத்தால் குரல் வருகிறது என்றால், பழைய பிளேயரின் மூன்று முனை ஓட்டையில் நான்கு முனைப் பின் சரியாக உட்காரவில்லை. அந்தப் பிளேயருக்கு மைக் இல்லாத, இரண்டு வளையப் பின் வைத்த இயர்போனே நல்லது. பாட்டு மட்டும் கேட்கும் கருவிக்கு மைக் எதற்கு? இரண்டும் இல்லை, வயரை ஆட்டினால்தான் வருகிறது என்றால் செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. என்னுடையது அதுதான். மேலே சொன்ன அதே வைத்தியம்.

பேஸே இல்லை, தகர டப்பா மாதிரி இருக்கிறது

புதிதாக வாங்கியவர்களின் புகார் இது. கடையில் நன்றாக இருந்ததாம், வீட்டுக்கு வந்ததும் போய்விட்டதாம். ஓடுகிற பாட்டோடு இரண்டு பக்கத்தையும் விரலால் இலேசாகக் காதுக்குள் அழுத்துங்கள். பேஸ் பொங்கி வந்தால் இயர்போனுக்கு ஒரு குறையும் இல்லை, ரப்பர் அளவுதான் சரியில்லை. காதுக்குள் போகும் வகை, காதைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் தாழ்ந்த ஒலியைத் தரும். ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும் பேஸ் அந்த வழியே போய்விடும், உயர்ந்த ஒலி மட்டும் தங்கும். அதுதான் அந்தத் தகர டப்பா.

பெட்டியில் மூன்று அளவு ரப்பர் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலானோர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவைத் தாண்டிப் பார்ப்பதே இல்லை, மற்றவை பெட்டியோடு அலமாரி மேல் போய்விடும். பெரியதைப் போட்டுப் பாருங்கள், சிறியதையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். எனக்கு வலதுக்கு நடு அளவு, இடதுக்குப் பெரியது. மாட்டும்போது எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு செருகினால் காதுக்குழாய் நேராகி ஆழமாக உட்காரும். எந்த ரப்பரும் நிற்கவில்லையென்றால் அழுத்தினால் சுருங்கி உள்ளே போய் விரியும் ஸ்பான்ஜ் வகை இருக்கிறது. சில மாதத்தில் நைந்துவிடும், ஆனால் அடைப்பு அருமை.

இரண்டு பின்குறிப்பு. ஒன்று, தாடை அசைந்தால் அடைப்பு விட்டுப்போகும். தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே பேஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். போதாததற்குக் காது அடைத்திருக்கும்போது கடிக்கும் சத்தம் மண்டைக்குள் கருங்கல் உடைக்கிற மாதிரிக் கேட்கும். மற்றொன்று, காதை மூடும் பெரிய ஹெட்போனில் கண்ணாடிக் கம்பி மெத்தையைத் தூக்கி அதே ஓட்டையை உண்டாக்கும். தடித்த பிரேம் போடுகிறவர்கள் மெத்தை மெதுவாக உள்ளதைப் பாருங்கள், இல்லையென்றால் காதுக்குள் போகும் வகைக்கே வந்துவிடுங்கள்.

மலை ஏற ஏற சத்தம் அமுங்குகிறது

கீழே அடிவாரத்தில் நன்றாகக் கேட்டது, பாதி வளைவு தாண்டியதும் பஞ்சு வைத்த மாதிரி ஆகிவிட்டது. வால்யூமைக் கூட்டாதீர்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. ஒரு மணி நேரத்தில் அவ்வளவு ஏறும்போது வெளியே காற்றழுத்தம் குறைகிறது, செவிப்பறைக்குப் பின்னால் பழைய அழுத்தமே நிற்கிறது. பறை விறைத்துக்கொள்ளும், ஒலி மங்கும். இறுக்கமான ரப்பர் வைத்திருந்தால் அந்த அடைத்த உணர்வு இன்னும் அதிகமாகத் தெரியும். இயர்போனைக் கழற்றுங்கள், எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், 'பட்' என்று திறந்ததும் மாட்டுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் இது நடக்காது. அன்றைக்குப் பாட்டை விட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள். அடைப்போடு வால்யூமைக் கூட்டி வைத்தவர்களுக்கு, திறந்துகொள்ளும் நொடியில் மண்டையில் அடித்த மாதிரி இருக்கும்.

இந்தப் பாதையில் தினமும் போகிறவர்கள் காற்றுத்துளை வைத்த இயர்போனைத் தேடுங்கள். உடம்பில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை தெரியும். அதை அழுக்கு என்று நினைத்து செலோடேப் ஒட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

முழு வால்யூம் வைத்தும் சத்தம் போதவில்லை

நான் காசு விட்ட கதைகளில் பெரியது இது. ஸ்டூடியோவில் பயன்படுத்துவது என்றார்கள், பெரியதாக இருந்தது, வாங்கிவிட்டேன். 250 ஓம் என்று அட்டையில் போட்டிருந்ததை 'எண் பெரியது, அப்போ நல்லது' என்று எடுத்துக்கொண்டேன். என் சின்னப் பிளேயரில் செருகினால் பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரிக் கேட்டது.

ஓம் என்பது மின்தடையின் அலகு. கையடக்கப் பிளேயரின் பேட்டரி தரும் வோல்டேஜ் கொஞ்சம்தான். ஒரு பிளேயர் 1 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு அது ஏறக்குறைய 31 மில்லிவாட் ஆகும், 300 ஓமுக்கு 3 மில்லிவாட்டைச் சற்றே தாண்டும். மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருந்தால் வித்தியாசம் 10 டெசிபெல், அதாவது காதுக்குப் பாதிச் சத்தம் மாதிரி. அதனால் பிளேயருக்கு வாங்கும்போது 16-லிருந்து 32 ஓம் வரை பாருங்கள். ஒரே மாடலை 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக விற்பதும் உண்டு, பெட்டியைத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கூடவே சென்சிடிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போட்டிருப்பார்கள். 100-க்கு மேல் இருந்தால் சின்னப் பிளேயருக்குக் கவலையில்லை. சில கம்பெனிகள் 1 வோல்ட்டுக்கு என்று போடுகின்றன, அந்த எண் இயல்பாகவே பெரிதாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

ஹெட்போன் சரி, பிளேயர்தான் சத்தம் தரவில்லை என்றால் செட்டிங்கில் வால்யூம் வரம்பு போட்டிருக்கிறதா பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கிவந்த பிளேயர்களில் இது சகஜம். அங்கே 85 டெசிபெலில் எச்சரிக்கை, 100-இல் உச்சவரம்பு என்று விதி வைத்திருக்கிறார்கள்.

பாட்டில்லாத நேரத்தில் உஸ் என்று இரைச்சல்

மேலே சொன்னதற்கு நேர் எதிர் வியாதி. இயர்போன் ரொம்பக் கூர்மை, பிளேயரின் சொந்த இரைச்சலையும் கேட்க வைக்கிறது. பஸ்ஸில் தெரியாது, ராத்திரி ஏற்காட்டில் தங்கினால் அந்த அமைதியில் நன்றாகத் தெரியும். குறைந்த சென்சிடிவிட்டி உள்ள, 32 ஓம் ஒட்டிய இயர்போனுக்கு மாறினால் அடங்கிவிடும். விலை கூடிய, ஒரு பக்கத்துக்கே பல டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) வைத்த இயர்போன்களில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்பது ஒரு வேடிக்கை.

பேஸ் வரும் இடத்தில் மட்டும் கரகர

பேஸையும் மற்ற ஒலிகளையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் செட்டிங்கான ஈக்வலைசரைத் திறந்து எல்லாவற்றையும் நேர்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கரகரப்பு போனால் ஹெட்போன் நிரபராதி. பேஸை 10 டெசிபெல் ஏற்றினால் பிளேயரின் தாங்கும் அளவைத் தாண்டி அலையின் உச்சி வெட்டுப்படும், அந்த வெட்டுத்தான் கரகர. பேஸ் அதிகம் வேண்டுமென்றால் பேஸை ஏற்றாமல் மற்றதை இறக்குங்கள், அப்புறம் வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈக்வலைசரைத் தொடவே இல்லை, ஒரு பக்கம் மட்டும் கரகரக்கிறது என்றால் பெரும்பாலும் ஒரு தலைமுடி. மெத்தை வைத்த ஹெட்போனில் முடி வலையைத் தாண்டி உள்ளே போய், அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் மேல் படுத்திருக்கும். மெத்தையைக் கழற்றி, வெளிச்சத்தில் பார்த்து, ட்வீசரால் எடுங்கள். சில்லென்று வரும் ஸகர ஒலிகள் மட்டும் தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி இருந்தால் குற்றவாளி ஃபைல். 64 கேபிபிஎஸ்ஸுக்குச் சுருக்கிய பாட்டு அப்படித்தான் இருக்கும். அதை 320 ஆக மாற்றி வைத்தாலும் போனது திரும்பாது, மெமரி கார்டில் இடம்தான் அடைபடும்.

நடந்தால் காதுக்குள் சரக் சரக்

வயர் சட்டையில் உரசும் சத்தம். வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக விட்டு மாட்டுங்கள், அல்லது சட்டையில் ஒரு கிளிப் போடுங்கள். நின்றுவிடும்.

பஸ் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை

வால்யூமைக் கூட்டுவதுதான் எல்லோருடைய கையும் செய்வது. தவறான கை வேலை. பஸ் இன்ஜின் உறுமல் தாழ்ந்த ஒலி, பாட்டின் பேஸை அதுதான் முதலில் மூடுகிறது. வெளிச் சத்தத்தை உள்ளே விடாமல் செய்தால் பாட்டைக் கூட்ட வேண்டியிருக்காது. நன்றாக உட்கார்ந்த ரப்பர் இயர்போனே கணிசமாக அடைத்துவிடும்.

நாய்ஸ் கேன்சலேஷன் வைத்தது வாங்கலாமா என்றால், பஸ்ஸுக்கு வாங்கலாம். வெளிச் சத்தத்தை மைக்கில் கேட்டு அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அழிப்பது அது. இன்ஜின், ரயில், ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியை நன்றாக விழுங்கும். வளைவுக்கு வளைவு டிரைவர் அடிக்கும் ஹாரனை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பின் சீட்டில் அழும் குழந்தையையும் அப்படியே. ஜன்னலோரத்தில் காற்று மைக்கில் அடித்தால் அதுவே ஒரு புது இரைச்சல். பின்பக்கம் திறந்த ஹெட்போன்கள் வீட்டுக்கு மட்டும். பஸ்ஸில் போட்டால் உங்கள் பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரரும் கேட்பார், அவர் பேச்சை நீங்களும் கேட்பீர்கள்.

அம்மாப்பேட்டையில் பவர்லூம் பட்டறையில் வேலை செய்யும் நண்பன் தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி இயர்போனில் பாட்டு வைத்துக்கொள்வான். பக்கத்தில் நிற்பவர் கத்தினால்தான் கேட்கும் இடம் அது. அதையும் மீறிப் பாட்டு கேட்கிறது என்றால் காதுக்குள் என்ன அளவு போகிறது என்று யோசியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5, 92-க்கு இரண்டரை மணி. ஒரு வாரம் முழுவதற்கும் சேர்த்து. அவனுக்கு நான் சொன்னது, தறி ஓடும்போது வெறும் காதடைப்பான், டீ நேரத்தில் பாட்டு. அவன் பாதிதான் கேட்டிருக்கிறான்.

மெத்தை உரிகிறது, பூஞ்சை பிடிக்கிறது

சேலத்துச் சித்திரை வெயிலில் வேர்வை, ஏற்காட்டு மழைக்காலத்தில் பனிமூட்டம். செயற்கைத் தோல் மெத்தை இரண்டுக்கும் தாங்காது, கறுப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்டும். மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலாக வாங்கினால் அதை மட்டும் மாற்றலாம். துணி மெத்தை உரியாது, ஆனால் வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் விடும். மேலே தங்குபவர்கள் மூடும் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்துவிட்டால் துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் விடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவும் தூசியும்தான் வலைக்குள் போகும். ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்று அர்த்தம். கிளியூர் அருவியில் குளிக்க அல்ல.

ப்ளூடூத் விட்டு விட்டுக் கேட்கிறது

வீட்டில் சரியாக இருக்கும், ஏற்காடு ஏரிக்கரையில் நடந்தால் அறுந்து அறுந்து போகும். வீட்டில் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை கைகொடுக்கிறது, வெட்டவெளியில் அது இல்லை. நடுவில் இருப்பது நம் உடம்பு. அதில் பெரும்பகுதி தண்ணீர், அந்த அலைவரிசையைத் தண்ணீர் குடித்துவிடும். பிளேயரைப் பின் பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். அதில் தீராவிட்டால் செட்டிங்கில் எல்டாக் மாதிரி அதிகத் தரவு அனுப்பும் முறையை விட்டு எஸ்பிசி-க்கோ ஏஏசி-க்கோ இறங்குங்கள்.

கடையில் நிற்கும்போது

உங்கள் பிளேயரையே கொண்டுபோங்கள். கடைக்காரர் போனில், அவர் தேர்ந்த பேஸ் பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். நான் மூன்று பாட்டு வைத்திருக்கிறேன்: நெற்றிக்கு நடுவே குரல் நிற்கிறதா பார்க்க அந்தப் பழைய மோனோ, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒன்று, ஏனென்றால் மோசமான இயர்போனில் நாதஸ்வரம் காதைக் கிழிக்கும், தவிலின் இரண்டு பக்கமும் ஒரே அடியாகக் கேட்கும், மூன்றாவது ஒருவர் வெறுமனே பேசும் பதிவு. தெரிந்த மனிதக் குரல் சளி பிடித்த மாதிரிக் கேட்டால் அந்த ஹெட்போன் வேண்டாம். இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வையுங்கள், சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகத்தான் தோன்றும்.

பெரிய ஹெட்போன் என்றால் தலையில் மாட்டிப் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நில்லுங்கள். பொட்டில் வலிப்பது அப்போதுதான் தெரியும். காதுக்குள் போடுவதை ஆரோக்கியம் கருதிப் பல கடையில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. அதனால்தான் நான் பையில் என் அளவு ரப்பர் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் சிரித்துக்கொண்டே டெமோவை எடுத்துக் கொடுக்கிறார்கள்.